மொட்டைப் பெட்டிசமும் கையொப்பமிட்ட கட்டுரையும்

ருமைஸா ஒஸ்துர்க் பிடித்துச் செல்லப்பட்ட காணொளியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 2025 மார்ச் 25, ரமழான் மாலை. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துச் சமர்வில் நகரில், நண்பர்களோடு நோன்பு திறக்கப் புறப்பட்ட துருக்கிய மாணவி ஒருவரைச் சிவில் உடையில் வந்தவர்கள் வழிமறித்துக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். அவர்களில் சிலர் முகத்தையும் மூடியிருந்தார்கள். வட்ஸ்அப் குழுமங்களில் அது சுற்றிச் சுற்றி வந்தது. முகநூலில் கவிதைகள் வந்தன. ஜும்ஆ மேடைகளிலும் அவருடைய பெயர் சொல்லப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் இத்தனைக்கும் காரணமாயிருந்த அந்தக் கட்டுரையை வாசித்தவர் யார்? எழுதுபவர்கள், ஆசிரியர்கள் என்று எனக்குப் பழக்கமான பலரிடம் கேட்டுப் பார்த்தேன். “மாணவர் பத்திரிகையில் ஏதோ எழுதினாவாம்” என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. பிடித்தவர்களும் அதை ஒழுங்காக வாசிக்கவில்லை, அழுதவர்களும் வாசிக்கவில்லை. ஆகவே அதை ஒரு கட்டுரையாக எடுத்து வாசிப்பதே இங்கு என் வேலை. அரசியலை நன்கு அறிந்தவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள்.

‘டஃப்ட்ஸ் டெய்லி’ என்பது டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1980 முதல் தாங்களே நடத்திவரும் பத்திரிகை. 2024 மார்ச் 26 அன்று, அதாவது கைதுக்கு ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைய, அதன் அபிப்பிராயப் பக்கத்தில் இக்கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நான்கு பட்டப்பின்படிப்பு மாணவர்கள். ருமைஸா அவர்களில் ஒருவர். சிறுவர் வளர்ச்சித் துறையில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். வேறு 32 பட்டப்பின்படிப்பு மாணவர்கள் ஆதரவு தெரிவித்ததாகக் கட்டுரையோடு ஒரு குறிப்பும் உண்டு.

இந்த வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கம் பெயரில்லாமல் வரும். அது நிறுவனத்தின் குரல். இதுவோ வெளியிலிருந்து ஒருவர் அனுப்பி, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டு, எழுதியவரின் பெயரோடு போடுவது. கருத்து எழுதியவருடையது, பத்திரிகையுடையதல்ல. பெயர்தான் இந்த வடிவத்தின் முதுகெலும்பு. ஆசிரியர் குழுவில் உள்ளவரும் இருபது வயதுப் பிள்ளை, எழுதி அனுப்புபவரும் அநேகமாக அதே வயது. வாசிப்பவர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர் நாளை நடைபாதையில் எதிரே வருவார். பெரிய நாளேட்டில் எழுதும் பத்தியாளருக்கு இந்த நெருக்கமும் இல்லை, இந்தச் சங்கடமும் இல்லை.

தலைப்பிலிருந்து தொடங்குவோம். ‘மீண்டும் முயற்சி செய்யுங்கள், தலைவர் குமார்’ என்று அதைத் தமிழாக்கலாம். குமார் என்பவர் பல்கலைக்கழகத் தலைவர் சுனில் குமார், இந்தியாவில் பிறந்தவர். கொப்பி திருத்துகிற எங்களுக்கு அந்தச் சொற்றொடர் நன்கு பழக்கம். கணக்குப் பிழைத்த பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனாவால் எழுதுவது அது. மாணவர்கள் தலைவரின் கொப்பியைத் திருத்துகிறார்கள். தலைப்பில் குறும்பு இருக்கிறது; உள்ளே போனால் அந்தக் குறும்பு அறவே இல்லை. மிக ஒழுங்கான, கூட்டறிக்கை போன்ற நடை. தலைப்புக்கும் உடலுக்கும் இருக்கும் இந்த இடைவெளியை முதலாவது குறையாகவே சொல்வேன்.

உள்ளே என்ன இருக்கிறது? மார்ச் 4 அன்று மாணவர் செனற் நான்கு பிரேரணைகளில் மூன்றை நிறைவேற்றியது. பலஸ்தீனத்தில் நடப்பதை இனப்படுகொலை என்று பல்கலைக்கழகம் ஏற்கவேண்டும், தலைவர் தன் முந்தைய அறிக்கைகளுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், முதலீடுகளை வெளிப்படுத்தி இஸ்ரேலோடு தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து பணத்தை மீட்கவேண்டும் என்பன அவற்றின் சாரம். நிர்வாகம் உடனேயே அவற்றைத் தட்டிக்கழித்தது. அந்தத் தட்டிக்கழிப்புக்குத்தான் இக்கட்டுரை பதில் எழுதுகிறது. உலகத்துக்கு அறைகூவல் விடவில்லை, முஸ்லிம் உம்மத்தை விளிக்கவில்லை, காஸாவின் குழந்தைகளைப் பற்றி உருக்கமான ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வளாகத்தில், ஒரு தலைவரிடம், ஒரு செனற்றின் முடிவை மதித்து நடக்கச் சொல்கிறது. அவ்வளவுதான்.

இந்தக் குறுகல்தான் கட்டுரையின் பெரிய பலம் என்பது என் அபிப்பிராயம். கேட்பது கொடுக்கக்கூடிய ஒருவரிடம் கேட்கப்படுகிறது. நம்முடைய கண்டனக் கட்டுரைகளை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். “சர்வதேச சமூகமே”, “அரபுலகத் தலைவர்களே” என்று விளித்து எழுதுகிறோம். கல்முனையிலோ அக்குறணையிலோ அச்சாகும் கட்டுரையை அந்தத் தலைவர்களில் எவர் வாசிக்கப்போகிறார்? வாசிக்கமாட்டார் என்ற துணிவில்தான் அவ்வளவு சூடாக எழுதுகிறோமோ என்றும் சில வேளை தோன்றும்.

அடுத்து, பேசுவதற்கான தகுதியை எப்படி நிறுவுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் நீடித்த செனற் கூட்டத்துக்குள் பட்டப்பின்படிப்பு மாணவர்கள் அனுமதிக்கப்படவில்லை. அப்படியானால் உங்களுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். அதை அவர்களே முன்கூட்டி எடுத்துச் சொல்லி, நாங்கள் கட்டணம் கட்டுகிறோம், உங்கள் ஆய்வுப் பணத்தில் உழைக்கிறோம், ஆகவே இந்த நிறுவனத்தின் நிலைப்பாட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். கோபத்தை அல்ல, உரித்தைக் காட்டுகிற பந்தி அது. பல்கலைக்கழகம் அரசியலில் நிலைப்பாடு எடுக்கக்கூடாது என்று வாதிடலாம்தான் என்று எதிர்த்தரப்புக்கும் அரை வாக்கியம் இடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

அதன் பிறகு வருவதுதான் கட்டுரையின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி. பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுக்கக் கோவையை எடுக்கிறார்கள். பேச்சுச் சுதந்திரமும் எதிர்ப்புக் கூட்டமும் இந்தச் சமூகத்தின் உயிரான பகுதி என்று அதில் எழுதியிருக்கிறது. மாணவர் விவகாரப் பீடாதிபதியின் அலுவலகம் எழுதியதை எடுக்கிறார்கள். மனச்சங்கடம் தந்தாலும் முரண்பட்ட கருத்துகளை ஆராய்வதே எமது பணி என்று அங்கே இருக்கிறது. செனற் பிரேரணை என்றால் என்ன என்பதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தையும் எடுக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: நீங்கள் எழுதி வைத்ததைச் செய்கிற மாணவரை ஏன் உதாசீனம் செய்கிறீர்கள்? எதிராளியின் சொல்லையே சாட்சியாக நிறுத்துவது பழைய வாத முறை. இங்கே அது அடக்கமாக, சத்தம் போடாமல் நடக்கிறது.

தென்னாபிரிக்காவைப் பற்றிய பந்தியும் அப்படித்தான். நிறவெறி ஆட்சிக் காலத்தில் டஃப்ட்ஸ் அந்நாட்டிலிருந்து தன் முதலீட்டை மீட்டது 1989 பெப்ரவரியில். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1978இலேயே அதற்குத் தீர்மானம் எடுத்துவிட்டது. பதினொரு வருடப் பிந்தல். இன்று நீங்கள் பெருமையோடு நினைக்கும் செயலையே அன்று மாணவர் சொன்னபோது செய்யவில்லை என்பதைத் திட்டாமல், இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுகிறார்கள். இந்தப் பந்தியை என் பாவனைக்காகத் தமிழாக்கியபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு தன்மைப் பன்மைதான் உண்டு. நமக்கோ ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு. கட்டுரை நெடுகிலும் வருவது ‘நாங்கள்’. பட்டப்பின்படிப்பு மாணவர்களான நாங்கள், தலைவரைச் சேர்க்காத நாங்கள். ஆனால் தென்னாபிரிக்கப் பந்தியில் பிந்தியதை மறக்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’ போட்டால் வாக்கியம் பொருந்தவே இல்லை. ‘நாம்’ என்றுதான் வருகிறது. அந்த ஒரு வரியில் தலைவரையும் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களே இதைக் கவனித்திருப்பார்களோ தெரியாது. மொழிபெயர்ப்புத்தான் காட்டிக்கொடுத்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஜேம்ஸ் போல்ட்வினின் மேற்கோள் ஒன்று கடைசிப் பக்கமாக வருகிறது. 1963இல் ஆசிரியர்களுக்கென்றே அவர் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. நல்ல மேற்கோள்தான், ஆனால் நம் பிள்ளைகள் கட்டுரை முடிவில் ஒரு குறளை ஒட்டிவிடுவதுபோல ஒட்டியிருக்கிறது. கல்வி பெறுபவன் தன்னைப் படிப்பிக்கும் சமூகத்தையே கேள்வி கேட்கத் தொடங்குவான் என்ற அந்த எண்ணத்திலிருந்து கட்டுரை தொடங்கியிருந்தால் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்று சர்வதேச நீதிமன்றம் பற்றியது. 2024 ஜனவரி 26 கட்டளையில் நீதிமன்றம் சொன்னது, இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படுவதற்கான பலஸ்தீனரின் உரிமை ஏற்கத்தக்க அடிப்படை உடையது, அவ்வுரிமைக்கு ஈடுசெய்ய முடியாத பாதிப்பு நேரும் உடனடி அபாயம் உண்டு என்பதாகும். கட்டுரையின் நடுவில் இதற்குக் கிட்டவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதற் பந்தியில் அந்தச் சட்டச் சொல்லை உரிமையிலிருந்து பிரித்து இனப்படுகொலையின் மேலேயே நேராக வைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க அப்போது அப்படித்தான் எழுதினார்கள். நீதிமன்றத்தின் அன்றைய தலைவர் ஜோன் டொனஹியூ அந்த வேறுபாட்டை நேர்காணலில் விளக்கியதே இக்கட்டுரை வந்து சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு. சொல்லில் கவனம் கேட்பதனால் மனிதத் துயரத்தைக் குறைத்து எடைபோடுவதாகாது. இதை நமக்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, இது ஒரு சாதாரணக் கட்டுரை. நன்றாகக் கட்டப்பட்ட, சற்று வறண்ட, கூட்டாக எழுதியதன் தழும்புகள் தெரிகிற ஒரு மாணவர் பத்திரிகைக் கட்டுரை. ஹமாஸ் என்ற பெயர்கூட அதில் இல்லை. இதற்காகவா ஒருவரை லூசியானாவின் பசீல் தடுப்பு நிலையத்தில் ஆறு கிழமைக்கு மேல் வைத்தார்கள்?

அதற்காகத்தான். உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் தன் குறிப்பில் காட்டிய காரணத்தைப் பாருங்கள். பின்னர் வளாகத்தில் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்போடு பொது நோக்கம் கண்ட கட்டுரையை இவர் சேர்ந்து எழுதினார் என்பதாம். கட்டுரையில் அது எங்கே? இரண்டாவது பந்தியில் ஒரே ஒரு வாக்கியம். நிர்வாகத்தின் பதிலை நிராகரிப்பதில் எந்தெந்தக் குழுக்களோடு தாங்கள் சேர்கிறோம் என்று பெயர் அடுக்கும் வாக்கியம். எழுத்தாக மிகவும் உயிரற்ற வரி அதுதான். தடை வந்ததோ கட்டுரைக்குப் பிறகு. வாதம் முழுவதையும் விட்டுவிட்டு, பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்திருக்கிறார்கள். 2025 மே 9 அன்று அவரை விடுவிக்க உத்தரவிட்ட வெர்மொன்ட் நீதிபதி வில்லியம் செஷன்ஸ், இந்தக் கட்டுரையைத் தவிர வேறெந்த ஆதாரத்தையும் அரசாங்கம் கொண்டுவரவில்லை என்பதை எடுத்துச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதில் வேறொன்று. கட்டுரை யாரைத் திருத்தச் சொன்னதோ, அந்தச் சுனில் குமார்தான் 2025 ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் சார்பில் நீதிமன்றத்துக்குச் சத்தியக் கூற்று அளித்தார். கட்டுரை எமது எந்த விதியையும் மீறவில்லை, எமது கருத்துச் சுதந்திரப் பிரகடனத்துக்கு அமைவானதே, எதிரும் புதிருமான பல கருத்துகள் அதே பத்திரிகையில் வந்திருக்கின்றன என்று அதில் எழுதினார். ஒரு வருடத்துக்கு முன் மாணவர்கள் எந்த விதிக்கோவையை அவர் முன்னால் நீட்டினார்களோ, கிட்டத்தட்ட அதே வாதத்தை இப்போது அவர் நீதிபதியின் முன்னால் நீட்டுகிறார். பிரேரணைகளை அவர் ஏற்கவில்லை. ஆனால் கட்டுரை தன் உண்மையான வாசகரைப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வாசிக்காமல் தண்டிப்பது நமக்குத் தூரத்துக் கதையல்ல. மன்னாரைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017இல் வந்த ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதிதான் பேச்சாயிற்று. தீவிரவாதத்தைச் சாடும் கவிதைகள் உள்ள நூலைத் தீவிரவாத நூல் என்றார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லியும் 2021 டிசம்பர் வரை பிணை கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் உள்ளே இருந்த காலத்தில் அந்த நூலைத் தேடி வாசித்து ஒரு விமர்சனம் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அநியாயம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்ன கவிதை இன்ன பொருள் என்று பொதுவில் எழுதியவர்கள்தான் குறைவு. இலக்கியம் படித்தவர்கள் செய்யவேண்டிய வேலை அதுவல்லவா?

இப்படியான உதாரணங்களைப் பார்த்தபின் பெயர் போட்டு எழுது என்று பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது? அமெரிக்க மாணவர் பத்திரிகைகளுக்கும் இதே கேள்விதான் வந்தது. ஒஸ்துர்க் கைதுக்குப் பின், பழைய கட்டுரைகளை நீக்குங்கள், பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து வேண்டுகோள்கள் வந்தன. பிரசுரித்ததை நீக்குவதில்லை என்பது பத்திரிகைத் தர்மம். ஆனால் 2025 ஏப்ரலில் மாணவர் பத்திரிகைச் சட்ட மையம் உட்படச் சில அமைப்புகள், அந்தத் தர்மத்தைச் சற்றுத் தளர்த்தி யோசியுங்கள் என்று ஆசிரியர் குழுக்களுக்கு அறிவுறுத்தின. ‘ஸ்டான்போர்ட் டெய்லி’ ஓகஸ்டில் வழக்கே போட்டது. பிரஜாவுரிமை இல்லாத எங்கள் எழுத்தாளர்கள் பயத்தில் எழுத மறுக்கிறார்கள், எழுதியதை எடுக்கச் சொல்கிறார்கள் என்பது அதன் முறைப்பாடு. என்னைக் கேட்டால், கேட்பவரின் பெயரை எடுத்துவிடலாம், கட்டுரையை எடுக்கக்கூடாது. பெயர் எழுதியவரின் சொத்து, அதை அவர் திரும்பக் கேட்கலாம். வாதம் அப்படியல்ல, அது வாசித்தவர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. நமக்கு இது ஒன்றும் புதிதுமல்ல. ஈழத்துத் தமிழ் எழுத்தில் பாதி புனைபெயரில்தானே வந்திருக்கிறது!

புனைபெயர் வேறு, மொட்டைப் பெட்டிசம் வேறு. நம் ஊர்களில் முறைப்பாட்டின் இயல்பான வடிவம் மொட்டைப் பெட்டிசம்தான். வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போகும். கீழே ‘நலன்விரும்பிகள்’ அல்லது ‘பாதிக்கப்பட்ட பெற்றோர்’ என்றிருக்கும். அதன் மொழியைக் கவனித்தால் பெயரின்மை எழுத்தை என்ன செய்கிறது என்று விளங்கும். குற்றச்சாட்டு பெருகும், ஆதாரம் சுருங்கும், ஆளின் குடும்பம்வரை போகும். புனைபெயர் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பெயரோடு அடுத்த கட்டுரையும் வரவேண்டுமே என்ற பொறுப்பு அதற்கு உண்டு. அந்த நான்கு மாணவர்களின் வாக்கியங்கள் அவ்வளவு அளந்து எழுதப்பட்டதற்கும் கீழே பெயர் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பாடசாலைகளில் சாதாரண தரப் பிள்ளைக்கு ‘சுற்றாடலைப் பாதுகாப்போம்’, ‘நூலகத்தின் பயன்’ என்று கட்டுரை எழுதத் தெரியும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையில் ஒரு பழமொழி. யாரும் மறுக்காத தலைப்பு, யாரிடமும் எதுவும் கேட்காத கட்டுரை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுவர்ப் பத்திரிகைக்கு வேறு விதமாக எழுதியது. நேரசூசியில் கிழமைக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது, ஆனால் இந்தத் தவணையில் நூலகம் திறந்தது இரண்டு நாள் மட்டும் என்று திகதியோடு எழுதி, திறப்பை வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள் என்று அதிபரைக் கேட்டது. கீழே பெயர், வகுப்பு எல்லாம் இருந்தது. அடுத்த நாள் காலை அது சுவரில் இல்லை. ‘நூலகத்தின் பயன்’ பக்கத்தில் அப்படியே தொங்கியது.

பல்கலைக்கழகங்களிலும் முஸ்லிம் மஜ்லிஸ் மலர்கள் வருகின்றன. வாழ்த்துச் செய்திகள் போக மிஞ்சும் பக்கங்களில் கவிதைகளும் ஆய்வுச் சுருக்கங்களும் இருக்கின்றன. பீடத்தைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ மஜ்லிஸைப் பற்றியோ ஒரு மாணவர் பெயர் போட்டு முரண்படும் கட்டுரையை நான் கண்ட மலர்களில் தேடிக் களைத்துவிட்டேன்.

எனவே இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று இதழுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கித் தாருங்கள். கவிதை வேண்டாம், அதற்கு இடம் உண்டு. எழுநூறு சொல்லுக்குள் ஓர் அபிப்பிராயக் கட்டுரை. பதில் சொல்லக்கூடிய ஓர் ஆளை அல்லது நிறுவனத்தை விளித்து, அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கவேண்டும். உண்மைப் பெயரை ஆசிரியர் குழு அறிந்திருக்க, காரணம் இருந்தால் புனைபெயரில் வரலாம். அச்சேறுமுன் விளிக்கப்பட்டவருக்கு ஒரு பிரதி போய், அவருடைய பதிலும் அடுத்த இதழில் அதே அளவு இடத்தில் வரட்டும். நிராகரிக்கப்படும் கட்டுரைக்கு ஏன் என்று இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். முதல் மூன்று இதழ்களுக்குக் கட்டுரைகளைச் சேகரித்து, பிள்ளைகளோடு இருந்து திருத்தித் தருவது என் பொறுப்பு. அடுத்த இதழுக்குக் கடைசித் திகதி எப்போது என்று மட்டும் அறியத் தாருங்கள்.